கீழ்த்தாடையும் ஒரு பொதுச் சுவரும்

காலை ஆறு மணி பதினேழு நிமிடம். கண்ணைத் திறந்ததும் முதலில் பார்த்தது, தலையணை உறையின் நீலக் கோட்டின் மேல் கிடந்த ஒரு வெள்ளைத் துணுக்கு. அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்ட பிறகுதான் அது பல்லின் சில்லு என்று தெரிந்தது. நாக்கு அதற்குள் இடத்தைக் கண்டுபிடித்திருந்தது. கீழ்வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முந்தைய கடைவாய்ப் பல்.

மணியைக் குறித்துக்கொள்வது தொழில் பழக்கம். பணிக்காலம் முழுவதும் தமிழ் நாளிதழ் ஒன்றில் இருந்தேன். முதலில் செய்தி மேசை, கடைசியில் திருவனந்தபுரம் நிருபர். ஓய்வு பெற்ற பிறகு திரும்பிப் போக வேண்டிய அவசியம் எதுவும் தெரியவில்லை. திருவனந்தபுரத்தின் பழைய கோட்டைப் பகுதியில் அக்ரஹாரத் தெரு ஒன்றில் வாடகை வீடு பார்த்துக்கொண்டு, மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்துக் கொடுக்கும் வேலையில் தங்கிவிட்டேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி நாகர்கோவிலில் இருக்கிறான். இந்தத் தெருவில் யாரும் என்னை எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தத் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். என் வலது பக்கத்து வீட்டில் ஒரு மாமி தனியாக இருந்தார். கணவர் இல்லை, மகன் துபாயில். மின்விசிறிக் காற்று சரியாக விழும் ஒரே இடம் அந்தப் பொதுச் சுவரோரம் என்பதால் என் கட்டில் அங்கே கிடந்தது.

பல் மருத்துவர் ஆரியசாலைக் கடைத்தெருவில், மிளகாய் வற்றல் மொத்த வியாபாரக் கடை ஒன்றின் மாடியில் இருந்தார். படியேறும்போதே எல்லோரும் ஒருமுறை தும்முவார்கள். மருத்துவர் முப்பத்தைந்து வயதுப் பெண். அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்த மகளுடைய பேச்சில் நாஞ்சில் தமிழும் மலையாளமும் சம அளவில் இருந்தன. நான் தாளில் மடித்துக் கொண்டுபோன துணுக்கை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாய்க்குள் விளக்கைத் திருப்பியவர், வெகுநேரம் பல்லை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்த்தார்.

"அக்கா, நாக்கை நீட்டுங்க. இன்னும் கொஞ்சம். ம்... ஓரத்துல எல்லாம் பல்லு பதிஞ்ச அடையாளம் உண்டு. ராத்திரி உறக்கம் எப்படி?"

"நல்லாத்தான் தூங்குறேன். படுத்ததும் தூங்கிருவேன்."

"காலையில எழும்பும்போ தலைவலி?"

இருந்தது. அதைக் காப்பியின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். மதியம் மொழிபெயர்ப்புக்கு நடுவே மேசையில் தலை சாய்ந்துவிடுவதை வயதின் கணக்கில்.

"குறட்டை உண்டா?"

"தெரியாது."

"பக்கத்துல கிடக்கிறவங்க ஒண்ணும் சொல்லலியா?"

"பக்கத்துல யாரும் கிடக்கல டாக்டர்."

அவர் முகக்கவசத்துக்குள் ஒரு "ஓ" சொன்னார். பிறகு கையில் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார். கடைவாய்ப் பற்களின் மேல்பரப்பு, அரைத்து அரைத்து வழுவழுத்த அம்மிபோல் தட்டையாகத் தேய்ந்திருந்தது. கீழ்த்தாடை சின்னது, பின்னால் தள்ளியும் இருந்தது. தூங்கும்போது நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழலின் வாயை மூடிக்கொள்கிறது, மூச்சு முட்டும்போது தாடை முன்னால் வரப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறது என்று தனக்குத் தோன்றுவதாகச் சொன்னார். "பல்லை நான் அடைச்சுத் தருவேன். ஆனா இது பல்லோட கேஸ் இல்ல, அக்கா. முதல்ல தூக்க டாக்டரைப் பாருங்க."

விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பட்டை. இவற்றோடு வீட்டிலேயே ஒரு ராத்திரி தூங்கச் சொன்னார்கள். முடிவு வந்தது: ஸ்லீப் ஆப்னியா, மிதமான அளவு. தூக்கத்தில் மூச்சு நிற்கிறது, ஒரு முறை அல்ல, ராத்திரி முழுக்க. அறுபத்தொரு வயதில் ஒரு பெண்ணுக்கு, தான் குறட்டை விடுகிறாள் என்ற செய்தியை ஒரு கிளிப் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் காற்றுத் தள்ளும் இயந்திரம் தந்தார்கள். மூக்கின்மேல் கவசம், அதிலிருந்து யானைத் துதிக்கைபோல் ஒரு குழாய். ஒரு மாதம் முயன்றேன். தினமும் காலையில் கவசம் தரையில் கிடந்தது. நான் எப்போது பிடுங்கிப் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. தூக்க மருத்துவர் மலையாளி, நிதானமான மனிதர். உங்கள் அளவு நோய்க்குப் பல் மருத்துவர் செய்யும் வாய்க்கருவி ஒன்று உண்டு, அதை முயலலாம் என்றார். போட்டுக்கொண்டு மறுபடி சோதனை செய்ய வேண்டும். அதிலும் சரியாகவில்லை என்றால் தனியாக இருப்பதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டும் என்பதையும் அதே நிதானத்தோடு சொன்னார்.

தம்பி ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தான். தொலைபேசியில் அவன் குரல் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் இருக்கும்.

"யக்கா, இஞ்ச மாடி ரூமு சும்மா கெடக்கு. அங்க ஒத்தையில கெடந்து என்னமும் ஆச்சுன்னா பால்காரன்தான் வந்து பாக்கணும். பேப்பர்ல வேல பாத்தவ சேதியே பேப்பர்ல வரும், பாத்துக்க."

"உள்பக்கத்துல ஒத்தைக் காலம் செய்தியாத்தான் போடுவாங்க."

"சிரிக்காத. அந்த வாயில மாட்டுற சாமானம் சரியாவலன்னா நீ இஞ்ச வந்துரணும். இப்பமே சொல்லிட்டேன்."

சரி என்றேன். ஆகவே இது பல்லைப் பற்றியோ குறட்டையைப் பற்றியோ ஆன விஷயமாக இல்லாமல் போனது. நான் என் வீட்டில் இருப்பதா, தம்பி வீட்டு மாடியில் இருப்பதா என்பது, என் கீழ்த்தாடை எத்தனை தூரம் முன்னால் வரும் என்பதில் வந்து நின்றது.

பல் மருத்துவர் அச்செடுத்தார். வாயில் ஒரு தட்டையான அளவுகோலைக் கடிக்க வைத்து, தாடையைத் தள்ளித் தள்ளிக் குறித்துக்கொண்டார். வந்து சேர்ந்த கருவி, மேல்பல்லுக்கு ஒன்றும் கீழ்ப்பல்லுக்கு ஒன்றுமாக இரண்டு கண்ணாடிபோன்ற தகடுகள். இரு பக்கமும் சின்னத் திருகுகள். அவற்றைத் திருக ஊசி கனத்தில் ஒரு சாவி.

"இழுக்காம ரொம்ப நாள் கிடந்த மேசை டிராயரைத் திறக்குற மாதிரின்னு வச்சுக்கங்க. ஒரேயடியா இழுத்தா மூட்டு போயிரும். வாரம் கொஞ்சமா திருகணும். தாடை முன்னால நின்னா நாக்கு பின்னால விழாது, அவ்வளவுதான். எப்போ நிறுத்தணும்னு தெரிய, ராத்திரி காது குடுத்துக் கேக்க ஒரு ஆள் வேணும். சத்தம் குறையுதா, மூச்சு நிக்குதான்னு. சாதாரணமா வீட்டுக்காரர்தான் வந்து சொல்லுவாரு." நிறுத்தி, தானாகவே திருத்திக்கொண்டார். "போன்ல பதிவு பண்ணிரலாம். முதல்ல கருவி இல்லாம ஒரு ராத்திரி பதிஞ்சு பாருங்க. பிறகு ஒத்துப்பாக்க வசதியா இருக்கும்."

மறுநாள் காலை காப்பியோடு உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு என்னைக் கேட்டேன். பேட்டிகளை நிறையக் கேட்டுக் கேட்டு எழுதியவள். அதே வேகத்தில் ஓட்டி ஓட்டி நிறுத்தினேன். முதலில் சாதாரண மூச்சு. பிறகு இரும்புக் கட்டிலைச் சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம். அது என் தொண்டையிலிருந்து வருகிறது என்பதை ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சத்தம் நின்றது. மின்விசிறி மட்டும் ஓடியது. நான் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்போது வேறொரு சத்தம் கேட்டது. டொக், டொக். அதன் பின்னால், தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருபவளின் மூச்சு.

பின்னோக்கி ஓட்டிக் கேட்டேன். சந்தேகமில்லை; யாரோ சுவரைத் தட்டுகிறார்கள். பதிவில் அது பல இடங்களில் இருந்தது. எல்லா நிறுத்தத்துக்கும் இல்லை, நீளமானவற்றுக்குத்தான்.

பக்கத்து வீட்டு மாமி தினமும் காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிரும்போது என்னைப் பார்த்து, "தூக்கம் கிடைச்சுதோ?" என்று கேட்பார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே கேட்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல அது அவர்கள் வழக்கம் என்று எடுத்துக்கொண்டு, "ஆச்சு மாமி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். அவருடைய கண்ணுக்குக் கீழே எப்போதும் கருவளையம் இருந்தது. அதையும் பார்த்திருந்தேன். இப்போது எல்லாம் ஒரே வரியில் சேர்ந்துவிட்டதாக நினைத்தேன். நான் குறட்டை விட்டு அவர் தூக்கத்தைக் கெடுக்கிறேன், அவர் சுவரைத் தட்டுகிறார், காலையில் குத்திக் கேட்கிறார், எனக்கு உறைக்கவில்லை.

செய்தி மேசையில் என்னிடம் வேலை கற்றவர்களுக்கு நான் சொன்னதெல்லாம் ஒன்றுதான். எதிர்த்தரப்பைக் கேட்காமல் எதையும் அச்சுக்கு அனுப்பாதே. அன்று நான் எதிர்த்தரப்பைக் கேட்கவில்லை. கூச்சமாக இருந்தது. தெரு முனையில் நின்ற இரண்டு சுமைத் தொழிலாளர்களைக் கூப்பிட்டுக் கட்டிலைத் தூக்கி முன்னறைக்கு மாற்றினேன். காற்று வரவில்லை. அது பரவாயில்லை என்று படுத்தேன்.

விடிந்தும் விடியாததுமாகக் கதவு உடைந்துவிடும்போல் தட்டப்பட்டது. திறந்தேன். மாமி நின்றார். தலை முடியாமல், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, கையில் இஞ்சி தட்டும் சின்னக் கல் குழவியோடு. பின்னால் பால்காரர், எதிர்வீட்டு மலையாளித் தம்பதி.

மாமி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இருக்கியா?"

"என்ன மாமி?"

"என்ன மாமியா? ராத்திரி முழுக்கச் சத்தமே இல்லை. தட்டித் தட்டிப் பார்த்தேன். கை போச்சு. ஒரு அனக்கம் உண்டா? போயிட்டேன்னு நெனச்சேன். இந்தப் பிள்ளையைக் கதவை ஒடைக்கச் சொல்லிண்டிருந்தேனாக்கும்."

பால்காரர் நிம்மதியாகச் சிரித்தார். "சேச்சிக்கு ஒண்ணுமில்லல்லோ. மாமிக்குத்தான் பிரஷர் ஏறி" என்று சைக்கிளை எடுத்தார்.

"நான் கட்டிலை முன்னறைக்கு மாத்திட்டேன் மாமி. உங்க தூக்கம் கெடுதேன்னு."

"ஆர் சொன்னா?"

"சுவரைத் தட்டினீங்களே."

அவர் குழவியைக் கீழே இறக்கினார். எதிர்வீட்டுத் தம்பதி இன்னும் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, "எல்லாம் சரியாயாச்சு, போயிக்கோ" என்று மலையாளமும் தமிழுமாக அனுப்பிவிட்டு, என்னைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டார். அத்தனை காலத்தில் நான் அந்த வீட்டுக்குள் போவது அதுதான் முதல் முறை.

அவர் கட்டில் அந்தப் பொதுச் சுவரோரம் இருந்தது, என்னுடையதற்கு நேர் எதிரே. தலைமாட்டுக்குக் கொஞ்சம் மேலே, படுத்தபடியே கை எட்டும் உயரத்தில், சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு குழி. உள்ளங்கை அளவு. உள்ளே செங்கல் தெரிந்தது.

"அவருக்கும் இப்படித்தான், கேட்டியா. குறட்டை குறட்டைன்னு வந்து, திடீர்னு நின்னுடும். எனக்கு முழிப்பு வந்துடும். சத்தத்துல இல்லை, சத்தம் நின்னா முழிப்பு வரும். தோள்ல ஒண்ணு தட்டுவேன். மூச்சு வந்துடும். அவருக்குத் தோளைத் தட்டினேன், உனக்குச் சுவரை."

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். பழக்கதோஷம். "அவர் தூக்கத்திலதான் போனாரா மாமி?"

"தூக்கத்துல போக நான் விட்டேனா? பட்டப்பகல்ல, கரமனைப் பாலத்துக்கிட்ட. ஸ்கூட்டர் ஓட்டிண்டே தூங்கிட்டார். பின்னால ஒக்காந்திருந்தா தட்டியிருப்பேன்." இதைச் சொல்லிவிட்டு அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீ. பேப்பர்ல இருந்தவள்னு பேரு."

அன்று மாலையே அதே ஆட்களை வைத்துக் கட்டிலைப் பழைய இடத்துக்கு மாற்றினேன். "அம்மாக்கு வேற ஜோலி ஒண்ணும் இல்லே?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

அதன் பிறகு கருவியைப் போட்டுக்கொண்டு தூங்கத் தொடங்கினேன். முதல் நாட்களில் எச்சில் வழிந்தது. காதுக்கு முன்னால் தாடை மூட்டு வலித்தது. காலையில் கருவியைக் கழற்றியதும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று சந்திக்காது. யாருடைய வாயையோ இரவல் வாங்கியதுபோல் இருக்கும். மருத்துவர் தந்த சின்ன ரப்பர்த் துண்டை மென்றுகொண்டே வாசலுக்குப் போவேன். மாமி கோலத்திலிருந்து நிமிர்வார். இப்போது அவர் கேட்பதில்லை, சொல்வார்.

"நேத்து தட்ட வேண்டியிருந்தது. ரெண்டு மூணு தடவை. விடிகாலம்தான் மோசம்."

அல்லது, "குறட்டை உண்டு, ஆனா நிக்கலை. ஓட்டை ஆட்டோ மாதிரி ஓடிண்டே இருந்தது. நல்லதுதான்."

நான் அதைப் போய் ஆரியசாலையில் சொல்வேன். பல் மருத்துவருக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. "மாமி இன்னைக்கு என்ன சொன்னாங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். திருகு இன்னும் கொஞ்சம் முன்னால் போகும். ஒருநாள், தட்டுவதால்தான் எனக்கு மூச்சு வருகிறதா என்று கேட்டேன்.

"இல்ல அக்கா. தட்டாட்டியும் வரும். மூச்சு முட்டினா உடம்பே எழுப்பி விட்டுரும். அப்படி எழும்பி எழும்பித்தான் உங்களுக்குத் தலைவலி." கையுறையைக் கழற்றிக்கொண்டே சேர்த்தார். "அதை மாமிகிட்ட சொல்ல வேண்டாம், கேட்டீங்களா."

சொல்லவில்லை. பதிவிலேயே அது இருந்தது. தட்டாத நிறுத்தங்களுக்குப் பிறகும் மூச்சு வந்திருந்தது. நான் முதல் நாளே கேட்டதுதான்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் மாமி சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் ஆனது. கோலத்தை முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வார்.

"ஒண்ணும் கேக்கலை."

மறுநாளும் அதேதான். எனக்குத் தலைவலி போயிருந்தது. மதியம் மேசையில் தலை சாய்வதில்லை. ஒரு முழு நாவலின் மொழிபெயர்ப்பைக் குறித்த தேதிக்கு முன்பே முடித்தேன். ஆனால் மாமியின் கண்ணுக்குக் கீழே இருந்த கருமை அப்படியே இருந்தது.

"இப்போதான் தூக்கம் இல்லை," என்றார். "சத்தம் இல்லேன்னா முழிப்பு வருமே எனக்கு. எழுந்து சுவர்ல காதை வெச்சுக் கேக்கறேன். மூச்சு மெலிசா இருக்கு. சில நாள் கேக்கறதே இல்லை. தட்டலாமா வேண்டாமான்னு குழவியைக் கையிலயே வெச்சிண்டு ஒக்காந்திருக்கேன்."

"தட்டாதீங்க மாமி. நான் இருக்கேன்."

"அது நீ காலம்பற சொல்றது."

இரண்டாவது சோதனைக்கு அதே கிளிப், அதே பட்டை, வாயில் கருவி. தூக்க மருத்துவர் தாளைப் புரட்டிப் பார்த்து, மூச்சு நிற்பது கவலைப்படத் தேவையில்லாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றார். கருவி தினமும் வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றபடி எங்கே, எப்படி இருந்தாலும் சரி.

தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். இந்த முறை அவன் குரல் உரக்க வரவில்லை.

"சரி யக்கா, ஒன் இஷ்டம். அப்பம் மாடி ரூம வாடகைக்கு விட்டுரட்டா? ஒரு டீச்சர் கேட்டுட்டே இருக்கா."

"விட்டுரு."

"நெசமாத்தானா?"

"நெசமாத்தான்."

மாலையில் சோதனைத் தாளோடு மாமி வீட்டுக்குப் போனேன். அவருக்கு அதில் ஒன்றும் படிக்கத் தெரியாது என்றாலும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். மூச்சைக் காட்டும் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனார். அது தாளின் விளிம்புவரை அறுபடாமல் போனது.

"அப்போ நிக்கவே நிக்காதோ?"

"எப்பவாவது கொஞ்சம். அது எல்லாருக்கும் உள்ளதுதானாம்."

"நல்லது," என்றார். காப்பி கொடுத்தார். சர்க்கரை கொஞ்சம் கூடிப்போயிருந்தது. மகன் துபாயிலிருந்து பேசியதையும், இந்த வருஷம் ஓட்டில் ஒழுக்கு அதிகம் என்பதையும் சொன்னார். நான் கிளம்பும்போது டம்ளரை வாங்கிக்கொண்டு, "இனி எனக்கு இந்த ரூம்ல என்ன காரியம்? முன் ரூம்ல நல்ல காத்து," என்றார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பக்கத்து வீட்டில் ஏதோ கனமானதை இழுக்கும் சத்தம் கேட்டது. வாசலில் என் கட்டிலை இருமுறை தூக்கிய அதே ஆட்கள் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்து ஒருவர் சிரித்தார். மாமி உள்ளேயிருந்து, "பதுக்கே, பதுக்கே, மெள்ளத் தூக்கு, நிலையில இடிக்காதே," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கட்டில் இப்போது முன்னறையில் இருக்கிறது. பொதுச் சுவரில் குழி விழுந்த இடத்தை மறைத்து ஓர் இரும்பு பீரோ நிற்கிறது.